கடன் அட்டை இரண்டனுள் நமக்கு ஏற்றது யாது?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குக் குறிக்கப்பட்ட பொருள் எம் தொழிலோடு ஒட்டியதன்று. இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் யாம் பாங்கு விவகாரத்தில் புகுவது எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். சென்ற சில திங்களாக நம் சங்கத்து அன்பர் பலர் எம் இல்லம் போந்து, பாங்குகள் அனுப்பிய நிபந்தனைத் தாள்களை விரித்துக் காட்டி, இவற்றின் பொருள் யாது என்று கேட்டு வருகின்றனர். விளங்காததற்கு உரை சொல்லுதல் பண்டிதர் தொழிலாதலின், இதற்கும் உரை சொல்லக் கடமைப்பட்டோம். பழைய நூற்பதிப்புக்களில் மூலம் பெரிய எழுத்திலும் உரை சிறிய எழுத்திலும் அச்சாகியிருக்கும். மூலம் பெரிது, உரை அதன்வழிப்பட்டது என்பது அதன் கருத்து. இத்தாள்களிலோ பயன் பெரிய எழுத்திலும், அப்பயனை உண்டு இல்லை என்று தீர்மானிக்கும் நிபந்தனை சிறிய எழுத்திலும் கிடக்கின்றன. ஆதலின் சிறிய எழுத்தையே மூலமாகக் கொண்டு பேச எண்ணினோம்.

வினா இது: "பெங்களூரில் உத்தியோகம் பெற்ற பையனுக்கு இரண்டு பாங்குகள் கிரெடிட் கார்டு தர முன்வந்துள்ளன. ஒன்று, செலவிட்ட தொகையில் ஒரு பங்கைப் பணமாகவே திருப்பித் தருமாம். அதற்குக் கேஷ்பேக் என்று பெயராம். மற்றொன்று விமானக் கம்பெனியோடு சேர்ந்த உயர்தரக் கார்டு. ஆண்டுக் கட்டணம் பதினாயிரம் ரூபாய். விமானச் சீட்டு இனாம், விமான நிலையத்தில் தனி மண்டபம், அங்கே உணவு. எதனை வாங்கலாம்?" ராசிபுரத்து அன்பர் ஒருவரும், திருச்செங்கோட்டு அன்பர் ஒருவரும், நாமக்கல்லிலேயே இருவரும் இவ்வாறே கேட்டனர். நால்வருக்கும் ஒரே விடை சொல்ல எம்மால் இயலவில்லை. அதன் காரணத்தை விரித்தால் விடை தானே புலப்படும்.

இவ்வட்டைகள் தோன்றிய வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். 1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் என்பார், உணவகங்களில் கையில் பணமின்றி உண்டு மாத முடிவில் கணக்குத் தீர்க்க ஓர் அட்டை வெளியிட்டனர். நம் நாட்டில் 1980இல் சென்ட்ரல் பாங்கு முதன்முதல் கடன் அட்டை கொடுத்தது. விமானக் கம்பெனிகள் அடிக்கடி பறப்போருக்கு மைல் கணக்கு எழுதி இனாம் சீட்டு வழங்கும் முறை, 1979இல் டெக்சாஸ் இன்டர்நேஷனல் என்னும் கம்பெனியில் தொடங்கி, 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மேற்கொண்டபின் எங்கும் பரவிற்று. செலவிட்டதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் வழக்கத்தை 1986இல் அமெரிக்காவில் டிஸ்கவர் என்னும் கார்டு பெருக்கியது. இவ்விரு வழக்கங்களே இன்று நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கின்றன.

ஈண்டு 'மைல்' என்னுஞ் சொல்லைப் பற்றி ஒன்று கூறாமல் விட மனம் வரவில்லை. மைல் என்பது நீட்டலளவை. பறந்த தூரத்துக்கு மைல் கொடுத்த காலத்தில் அப்பெயர் பொருந்தியது. இப்பொழுதோ சேலம் கடைவீதியில் புடைவை வாங்கினாலும் மைல், வீட்டிலிருந்தபடியே மிக்சி வருவித்தாலும் மைல். ஓரடியும் நகராதவனுக்கு மைல் எழுதப்படுகிறது. எந்த ஆகுபெயருள் இதனை அடக்குவது என்று எம் மாணவன் ஒருவன் கேட்டான். விடை சொல்லத் தவணை கேட்டிருக்கின்றோம்.

நிற்க. பாங்கு ஏன் பணம் திருப்பித் தருகிறது? தருமத்துக்கன்று. நாம் கார்டு நீட்டிப் பொருள் வாங்கும்பொழுது, கடைக்காரர் முழு விலையும் பெறுவதில்லை. நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு ரூபாய் வரை பாங்குகளுக்கும் கார்டு வலையமைப்புக் கம்பெனிக்குமாகப் பிடிக்கப்படுகிறது. அதில் ஒரு துண்டு நமக்கு வருகிறது. நூற்றுக்கு ஐந்து தருகின்றவர், மேற்கொண்டு மூன்று ரூபாயை எங்கிருந்து தருவர்? சில இடங்களில் விற்பனைக் கம்பெனியே தன் விளம்பரச் செலவாகக் கொடுக்கும். மற்றொரு பங்கு, தவணையில் முழுத்தொகையும் கட்டாமல் வட்டி செலுத்துவோரிடமிருந்து வருகிறது. முழுத்தொகை கட்டுபவன் பெறும் இலாபத்தை, கட்டாதவன் தன் வட்டியால் நிரப்புகின்றான் என்க. ஒரே வீட்டில் அண்ணன் இலாபம் பெறுவோனும் தம்பி நிரப்புவோனுமாக இருத்தல் கூடும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். பாரத ஸ்டேட் பாங்கின் கார்டுக் கம்பெனி 2022 செப்டம்பரில் கேஷ்பேக் என்னும் பெயராலேயே ஒரு கார்டு வெளியிட்டது. இணையவழி வாங்கும் பொருளுக்கு நூற்றுக்கு ஐந்து, கடையில் நேரே வாங்குவதற்கு நூற்றுக்கு ஒன்று. ஆண்டுக் கட்டணம் ரூ. 999, வரி தனி. ஆண்டில் இரண்டு லட்சம் செலவிட்டால் அக்கட்டணமும் தள்ளுபடி என்பது அதன் ஏற்பாடு. நம்மவர் குடும்பம் ஒன்று கார்டின் வழியே ஆண்டுக்கு மூன்று லட்சம் செலவிடுவதாகக் கொள்வோம். அதில் இணையவழி ரூ. 1,20,000, கடைவழி ரூ. 1,80,000. முன்னதற்கு ஆறாயிரமும், பின்னதற்கு ஆயிரத்தெண்ணூறுமாக ரூ. 7,800 திரும்பி வரும். இது கணக்கில் பணமாகவே கழிக்கப்படுமாதலின், இதன் மதிப்பைப் பற்றி எவரோடும் வாதிட வேண்டுவதில்லை.

ஆயினும் நம் பக்கத்தார் இவ்விடத்தில் ஒன்று கவனித்தல் வேண்டும். நாமக்கல் லாரித் தொழிலில் பெருஞ்செலவு டீசல். மாதம் இரண்டு லட்சத்துக்கு டீசல் போடுகின்றோம், ஐந்து விழுக்காடு என்றால் பதினாயிரம் ஆயிற்றே என்று ஓர் அன்பர் விரல் மடக்கினார். அந்தோ! எரிபொருட் செலவுக்குப் பெரும்பாலான கேஷ்பேக் கார்டுகள் ஒன்றும் தருவதில்லை. மேல்வரியாகப் பிடிக்கும் நூற்றுக்கு ஒன்றை, அதுவும் ஓர் எல்லைக்குள், தள்ளுபடி செய்வதோடு சரி. வாடகை, இன்ஷியூரன்ஸ், பள்ளிக்கூடச் சம்பளம், தங்க நகை ஆகியனவும் பல கார்டுகளில் விலக்கப்பட்டவையே. கோழிப்பண்ணைக்கு வாங்கும் தீவனமும் மக்காச்சோளமும் பெரும்பாலும் பாங்குக் கணக்கிலிருந்து நேரே செலுத்தப்படுவன. அவற்றுக்குக் கார்டு செல்லாது, சென்றாலும் வியாபாரி நூற்றுக்கு இரண்டு கூட்டிக் கேட்பார். ஆகவே நம் வீட்டின் மொத்தச் செலவைப் பார்த்துக் கணக்கிடாமல், விலக்கியவற்றைக் கழித்து எஞ்சியதைப் பார்த்தே கணக்கிடுக. ஐந்து லட்சம் செலவாகும் வீட்டில் எஞ்சுவது ஒரு லட்சமாக இருப்பதுண்டு.

மேலும், தருகின்றேன் என்றவர் தருவதைக் குறைக்கவும் வல்லர். மேற்சொன்ன கார்டே வெளிவந்த எட்டுத் திங்களுக்குள், 2023 மே முதல் தேதியில், ஒரு மாதத்தில் திருப்பித் தரும் தொகையின் உச்சவரம்பைப் பதினாயிரத்திலிருந்து ஐயாயிரமாகக் குறைத்துக்கொண்டது. ஆதலின் பக்கத்து வீட்டார் இரண்டாண்டுக்கு முன் பெற்ற பயனை நம்பாது, கையொப்பமிடும் நாளில் உள்ள தாளையே படித்தல் வேண்டும்.

இனி விமானக் கார்டு. இதனை வீணென்று ஒரே சொல்லால் தள்ளிவிடுவாரும் உளர். யாம் அவ்வாறு தள்ளவில்லை. விஸ்தாரா என்னும் விமானக் கம்பெனி இருந்த காலத்தில் ஆக்சிஸ் பாங்கு அதனோடு சேர்ந்து இன்ஃபினிட் என்றொரு கார்டு கொடுத்தது. ஆண்டுக் கட்டணம் ரூ. 10,000, நூற்றுக்குப் பதினெட்டு வரி சேர்த்தால் ரூ. 11,800. இருநூறு ரூபாய் செலவுக்கு ஆறு புள்ளி. அன்றியும் பிசினஸ் வகுப்பில் ஓர் இனாம் சீட்டு. பெங்களூருக்கும் டெல்லிக்குமாக அவ்வகுப்பில் போக வேண்டிய தேவை உண்மையிலேயே உடையவனுக்கு, அந்த ஒரு சீட்டே கட்டணத்தைத் தீர்த்திருக்கும். ஆனால் அவ்வகுப்பில் ஒருகாலும் பணங்கொடுத்துப் போகாதவன், பதினெண்ணாயிரம் ரூபாய்ச் சீட்டு இனாமாகக் கிடைத்தது என்று மகிழ்தல் யாங்ஙனம்? அவனுக்கு அதன் மதிப்பு, அவன் வழக்கமாக வாங்கும் சாதாரணச் சீட்டின் விலையே. இனாம் என்னும் சீட்டுக்கும் வரியும் விமான நிலையக் கட்டணமும் பெரும்பாலும் கையிலிருந்து செலுத்த வேண்டியவை என்பதும் நினைவிலிருக்கட்டும்.

சேலம் நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இன்னுமொரு தனித்தடை உண்டு. நமக்கு அணித்தாயுள்ள விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருப்பது. அதன் ஓடுபாதை ஏறத்தாழ ஆறாயிரம் அடி. சிறிய விமானங்களே வந்து போகும். 2009இல் கிங்ஃபிஷர் கம்பெனி அங்கிருந்து சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது; நிலைக்கவில்லை. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது. அதுவும் சில ஆண்டுகளில் நின்றது. 2023 அக்டோபரில் இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் மீண்டும் தொடங்கின. இங்கு வரும் சிறு விமானங்களில் பிசினஸ் வகுப்பு என்பதே இல்லை. அனைவரும் ஒரே பந்தியில் அமர்வதே. உயர்வகுப்புச் சீட்டை அனுபவிக்க விரும்புவோன், முதலில் பெங்களூருக்கோ சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ்ஸிலோ காரிலோ போதல் வேண்டும். நாமக்கல்லிலிருந்து கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள், சென்னைக்குப் பாதி வழி ரயிலில் போயிருக்கலாம். தனி மண்டபத்தின் இட்டலிக்காக மூன்று மணி நேரம் முன்னதாகப் புறப்படுவோரும் இருக்கின்றனர். அவர்களோடு நமக்கு வழக்கில்லை.

இதனினும் பெரிய விஷயம், மைல் என்பது எவ்வகைச் செல்வம் என்பது. ரூபாயை அச்சிடுவதற்கு ரிசர்வ் பாங்கு இருக்கிறது. அதற்குச் சட்டம் இருக்கிறது. மைலை அச்சிடுவது விமானக் கம்பெனியே. நேற்று எண்ணாயிரம் மைலுக்குக் கிடைத்த சீட்டுக்கு இன்று பன்னீராயிரம் மைல் வேண்டும் என்று அது சொன்னால், கேட்பார் இல்லை. அக்கம்பெனியே மறைந்தால் நாணயமும் மறையும். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறத்தலை நிறுத்தியது. அதன் புள்ளிகளைச் சேர்த்து வைத்தோர் கையில் எஞ்சியது ஓர் எண்ணேயன்றி வேறில்லை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் தேதி நின்றது. அதன் மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்தமையால் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறிப் பிழைத்தது. ஆயினும் எந்த விமானத்தில் ஏறுதற்காக மக்கள் சேர்த்தனரோ அந்த விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12ஆம் தேதி ஏர் இந்தியாவோடு இணைந்தது. உறுப்பினர் புள்ளிகள் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றப்பட்டன. அவ்வளவில் நன்றே நடந்தது என்று சொல்லல் வேண்டும். ஆயினும் அக்கம்பெனியின் பெயர் பொறித்த கார்டுகள் அதன்பின் படிப்படியாக நிறுத்தப்பட்டன. பன்னிரண்டு ஆண்டில் மூன்று கம்பெனிகள்! நெல்லைக் குதிரில் சேர்ப்பதுபோல் மைலைச் சேர்த்தல் கூடாது. பாலைப்போலக் கறந்த அன்றே பயன்படுத்தல் வேண்டும் என்பது எம் துணிபு.

அங்ஙனமாயின் விமானக் கார்டு யாருக்கு ஆகும்? நம்மவருள் முட்டை ஏற்றுமதி செய்வோர் உளர். நாமக்கல் முட்டை ஓமனுக்கும் கத்தாருக்கும் மாலத்தீவுக்கும் போகிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் உடைமையாளர் வடநாடுகளெங்கும், ஆப்பிரிக்காவிலும்கூடத் தொழில் நடத்துகின்றனர். ஆண்டில் பத்துப் பன்னிரண்டு முறை திருச்சியிலிருந்தோ கொச்சியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பறக்கும் இத்தகையோர், தாம் எப்படியும் வாங்கவிருக்கும் சீட்டின் விலையையே மைலால் குறைக்கின்றனர். அவர்க்கு அது தகும். கம்பெனிச் செலவில் பறக்கும் இளைஞர்க்கும் தகலாம். ஆனால் வெளிநாட்டில் அந்தக் கார்டையே நீட்டிப் பொருள் வாங்குமுன், அந்நியச் செலாவணிக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்க. பல கார்டுகளில் அது நூற்றுக்கு மூன்றரை; வரியோடு நான்குக்கு மேல். ஒரு கையால் மைல் கொடுத்து மறு கையால் அதனினும் மிகுதியாக வாங்கும் உபாயம் அது. சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்க இரண்டாண்டுக்கு ஒருமுறை போகும் தாய்தந்தையர்க்கு விமானக் கார்டு வேண்டுவதில்லை. கேஷ்பேக்கில் வரும் பணத்தைச் சேர்த்து, அன்று எந்தக் கம்பெனி மலிவாகத் தருகிறதோ அதில் ஏறுதலே அமையும்.

இதுகாறும் சொன்னவை எல்லாம், மாத முடிவில் முழுத்தொகையும் கட்டுவோனுக்கே பொருந்தும். கட்டாதவனுக்கு இவ்விரண்டு கார்டும் ஒன்றே. இவ்விடத்தில் சற்று நின்று கேட்கும்படி வேண்டுகின்றோம்.

பில்லில் இரண்டு தொகைகள் அச்சாகியிருக்கும்: மொத்த பாக்கி, குறைந்தபட்சத் தொகை. பின்னது பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து அளவினது. அதைக் கட்டினால் அபராதம் இல்லை. ஆனால் வட்டி உண்டு. மாதத்துக்கு நூற்றுக்கு மூன்றரை முதல் மூன்றே முக்கால் வரை பல பாங்குகள் வாங்குகின்றன. ஒரு லட்சம் பாக்கி என்றால், மூன்றே முக்கால் வீதத்தில் ரூ. 3,750 வட்டி, அவ்வட்டிக்கு நூற்றுக்குப் பதினெட்டு வரி ரூ. 675, ஆக ரூ. 4,425. குறைந்தபட்சமாக அவன் கட்டிய ஐயாயிரத்தில் அசல் குறைந்தது ஐந்நூற்றெழுபத்தைந்து ரூபாய். ஒரு லட்சத்துக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் பெற்ற கேஷ்பேக் ஐயாயிரமும் ஒரு மாதம் சில நாளில் கரைந்தது. அது மட்டுமோ? பாக்கி இருக்குங்காறும், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாள் என்பது இல்லை. வாங்கிய அன்றே வட்டி தொடங்கும். கார்டைக் கொண்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுத்தாலோ, எடுத்த நாள் தொட்டு வட்டியும் தனிக் கட்டணமும் உண்டு.

கந்துவட்டியைத் தடுக்க நம் மாகாணத்தில் 2003இல் சட்டம் செய்தனர். கார்டு வட்டிக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பதே எல்லை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்ததும் உண்டு. அத்தீர்ப்பை 2024 டிசம்பர் 20ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. ஆகவே இன்று நமக்கு வேலி நம் கையே.

எம் உறவினருள் ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைப் பெயர் கூறாது சொல்லுகின்றோம். சொல்ல அவர்கள் இசைந்திருக்கின்றனர். தந்தையார்க்கு லாரி இரண்டு. மகன் வெளியூரில் நல்ல சம்பளத்தில் இருப்பவன். விமானக் கார்டு ஒன்று வாங்கினான். ஓராண்டில் இரண்டரை லட்சம் செலவிட்டால் மற்றொரு சீட்டு இனாம் என்பது அதன் ஆசை. மார்ச்சு மாதம் நெருங்க, எழுபதினாயிரம் குறைந்தது. வேண்டாத தொலைக்காட்சிப் பெட்டியும் நண்பர்க்குப் பரிசுமாக வாங்கி அவ்வெண்ணை நிரப்பினான். சீட்டு வந்தது. அதே மாதத்தில் வேலை மாறியதால் இரு மாதச் சம்பளம் தாமதப்பட்டது. குறைந்தபட்சத் தொகை கட்டினான். பின்பு அதுவும் இரு தவணை தவறினான். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு, பழைய லாரியைக் கொடுத்துப் புது லாரி எடுக்கத் தந்தையார் கடனுக்கு விண்ணப்பித்து, மகனையும் உடன் கையொப்பமிடச் செய்தார். சிபில் கணக்கில் மகன் பெயரின் எதிரே தவணை தவறிய குறிப்பு நின்றது. கடன் மறுக்கப்பட்டது. முப்பதாண்டாக ஒரு தவணையும் தவறாத மனிதர், பாங்கு மானேஜர் முன் நாற்காலியில் அமர்ந்து, தம் மகன் பெயரால் முதன்முறையாக இல்லை என்னும் சொல்லைக் கேட்டார். புது லாரி ஓராண்டு தள்ளிப்போயிற்று. டிரைவர் ஒருவர் வேறிடம் போனார். அந்த இனாம் சீட்டு காலங்கடந்து பயனின்றிப் போயிற்று. பின்பு மகன் பாக்கி முழுதும் தீர்த்தான். தந்தையும் மகனும் இன்று ஒற்றுமையாகவே இருக்கின்றனர். ஆயினும் அவர் எம்மிடம், "டி.வி. வாங்கினதற்கு வருத்தம் இல்லைங்க. சொல்லியிருந்தால் அன்றைக்கே கட்டியிருப்பேன்" என்றார்.

பையனுக்கு முதல் கார்டு வாங்கித் தரும் பெற்றோர்க்கு ஆண்டுக் கட்டணம் இல்லாத, அல்லது மிகச் சிறிதான கேஷ்பேக் கார்டே தக்கது என்போம். செலவு எல்லையை முதலாண்டில் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேற்படாமல் வைக்கும்படி பாங்குக்கு எழுதலாம். முழுத்தொகையும் தானே கழியும்படி சேமிப்புக் கணக்கோடு இணைத்துவிடலாம். அங்ஙனம் இணைக்கும்பொழுது 'மொத்த பாக்கி' என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல விண்ணப்பங்களில் 'குறைந்தபட்சத் தொகை' என்ற கட்டமும் பக்கத்திலேயே இருக்கும். கடைகளில் யு.பி.ஐ. பலகையையே மிகுதியும் காட்டும் நம் ஊர்களில், 2022 முதல் ரூபே கடன் அட்டையை அதனோடு இணைக்கும் வசதி வந்துள்ளது. ஆனால் அவ்வழிச் செலவுக்குக் கேஷ்பேக் குறைவா, இல்லையா என்பது கார்டுக்குக் கார்டு வேறுபடும்.

கேளாமலே கார்டு அனுப்புதல் கூடாதென ரிசர்வ் பாங்கு 2022இல் கட்டளையிட்டுள்ளது. பாக்கி இல்லாத கார்டை மூடும்படி நாம் எழுதினால், ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பதும் அக்கட்டளையில் உள்ளது. உயர்தரக் கார்டை வைத்திருப்போர், இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எழுதப்படுமுன் சென்ற ஆண்டில் உண்மையாகப் பயன்படுத்தியது யாதென்று ஒரு தாளில் குறித்துப் பார்த்து, கட்டணத்துக்குக் குறைந்திருந்தால் இந்த உரிமையைக் கைக்கொள்ளலாம்.

தாய்மார்கள் பொருட்டு ஒன்று. கணவர் பெயரிலுள்ள கார்டின் கிளையாக மனைவிக்கு ஒன்று தருவர். அதில் ஏறும் கடன் கணவர் கணக்கிலேயே ஏறும். அதில் சேரும் மைலும் அவர் பெயரிலேயே சேரும். உரியவர் மறைந்தால் மைல் வாரிசுக்குச் செல்லாது என்று பல திட்டங்களில் எழுதியிருக்கிறது. கேஷ்பேக் மாதந்தோறும் கணக்கில் கழிந்துவிடுவதால் அவ்வச்சம் குறைவு. வீட்டிலுள்ள கார்டுகள் எவை, எவ்வெந்நாளில் பணம் கட்டுவது என்பதைக் கணவன் மனைவி இருவரும் அறிய, வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தல் வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருவோர், தத்தம் கார்டின் நிபந்தனைத் தாளையும் கடைசி மூன்று பில்களையும் கொணர்ந்தால், கூட்டம் முடிந்தபின் உடனிருந்து கணக்குப் போட்டுப் பார்க்க யாமும், கணித ஆசிரியராகிய எம் நண்பரும் சித்தமாயிருக்கின்றோம். கார்டின் எண்ணையும் இரகசிய எண்ணையும் தாளில் மறைத்துக் கொணர்க.